குவேசார் துடிக்குமா?

'துடிக்கும் குவேசார்' என்று இன்னொரு கட்டுரையிலும் படித்தாயிற்று. ஒளி தாறுமாறாகக் கூடிக் குறையும் குவேசாரைத்தான் சொல்ல வருகிறார்கள். ஆனால் அது துடிப்பதில்லை.

குவேசார் என்பது 'விண்மீன் போன்ற' என்று தொடங்கும் நீண்ட ஆங்கிலத் தொடரின் சுருக்கம். 1964இல் வானியற்பியலாளர் ஹோங்-யீ சியூ உண்டாக்கியது. உண்மையில் அது தொலைதூர விண்மீன் மண்டலம் ஒன்றின் நடுவே, பெருங்கருந்துளையில் விழும் பொருள் சூடேறி வீசும் ஒளி. வேர் அவ்வளவுதான்.

துடிப்புக்கு வருவோம். துடி ஒரு பழைய தாளக்கருவி. நாடியும் துடிக்கிறது. இரண்டிலும் ஒழுங்கு உண்டு. 1967இல் ஜோசலின் பெல் கண்டறிந்த பல்சார் என்னும் சுழலும் விண்மீன் சுமார் 1.337 விநாடிக்கு ஒருமுறை தவறாமல் துடித்தது. அதைத் துடிப்பு விண்மீன் என்பது கச்சிதம். 'வலியில் துடித்தான் என்கிறோமே, அதில் ஏது ஒழுங்கு?' என்று கேட்பார்கள். சரி, நியாயம்தான். ஆனால் வானியலில் அந்தச் சொல்லுக்குப் பல்சார் எப்போதோ துண்டு போட்டுவிட்டது. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் படிக்கிறவர் என்ன செய்வார்? கன்னி விண்மீன் குழுவிலுள்ள 3சி 279 என்ற குவேசாரைப் பாருங்கள். 1937 வாக்கில் எடுத்த ஹார்வர்டு ஒளிப்படத் தகடுகளில் அது வழக்கத்தைவிட நூறு மடங்குக்கும் மேல் ஒளிர்ந்திருக்கிறது. அடுத்த எழுச்சி எப்போது என்று யாராலும் நாள் குறிக்க முடியாது. கருந்துளையருகிலிருந்து பீறிட்டுக் கிளம்பும் பொருளின் தாரை ஏறக்குறைய நம் பக்கமே திரும்பியிருப்பதால், அதில் நேரும் சிறு மாற்றமும் நமக்குப் பூதாகரமாகத் தெரிகிறது. இதில் தாளம் எங்கே இருக்கிறது?

'அலைவு' வேண்டாம், அது ஊசலுக்கு உரியது. 'மாறும் விண்மீன்' அதைவிட மோசம். பல்லி விண்மீன் குழுவில் 1929இல் வானியலாளர் ஹோஃப்மைஸ்டர் கண்ட, இதே போல ஒளி மாறும் பொருளை அப்படித்தான் வகைப்படுத்தினார்கள். 1968இல் அது ரேடியோ அலைகளை வீசும் பொருள் என்று தெரிந்ததும், விண்மீன் என்ற அந்தக் கணக்கு கலைந்தது. வானியலாளர்களே கைவிட்டதை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

என் தேர்வு 'பெரும் ஒளி ஏற்றவிறக்கம்'. நீளம்தான், ஆனால் விளக்கம் கேட்காது. தனித்தமிழ் அன்பர்கள் குவேசாரையும் மாற்றச் சொல்வார்கள். அது அப்படியே இருக்கட்டும், யாரையும் குழப்பவில்லை.

இந்த வகைக்கு ஆங்கிலத்தில் 'வயலென்ட்' என்ற அடைமொழி உண்டு. அகராதியின் முதல் பொருளை எடுத்து 'வன்முறைக் குவேசார்' என்று ஒருவர் எழுதியிருந்தார். யாரை அடித்ததாம்?