பின் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்: டிரம்மைக் கழற்றும் முன் கொஞ்சம் நில்லுங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பழுதுபார்த்துப் புதுப்பிக்கும் பட்டறை எங்களுடையது. வருகிறவர்களில் பலர் கேட்கும் வேலை ஒன்று உண்டு: பின்னால் இருக்கும் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் போட்டுத் தர வேண்டும். டிரம் என்பது சக்கரத்தோடு சுழலும் கிண்ணம்; அதற்குள் வளைந்த ஷூக்கள் விரிந்து உள்சுவரை அழுத்தும். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் தட்டு; காலிப்பர் என்ற பிடிப்பான் அதை இரண்டு பேடுகளால் இருபக்கமும் கவ்வும். எம்ஜிபி, டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், டட்சன் 240இசட் எல்லாமே முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்ற அமைப்போடு வந்த கார்கள். இவற்றில் பின் டிஸ்க் போடத் தேவையான சாமான்கள் இப்போது கிட்டாகவே கிடைக்கின்றன. டிரம்மைக் கழற்றி டிஸ்க்கை மாட்டினால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பின் பிரேக்கை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டால் அந்த கார் முன்பைவிட ஆபத்தாகிவிடும். அப்படி மாற்றப்பட்ட கார்கள் எங்களிடம் வந்துகொண்டே இருக்கின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டிஸ்க் போட்டால் வண்டி சீக்கிரம் நிற்கும் என்ற நம்பிக்கையை முதலில் பார்ப்போம். ஒரு முறை பிரேக் பிடித்து நிற்கும் தூரத்தை முடிவு செய்வது டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிமானம். இப்போதிருக்கும் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தால் சக்கரங்கள் சுழலாமல் லாக் ஆகின்றன என்றால், டயர் தாங்கும் அளவைவிட அதிகமான பிரேக் ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள். அங்கே டிஸ்க் போட்டால் தூரம் குறையாது. நல்ல டயர் போட்டால் குறையும்.

டிஸ்க்கின் உண்மையான பலம் சூட்டைத் தாங்குவதில் இருக்கிறது. டிரம் சூடேறினால் விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் கீழே போகும். ஷூவின் மேல் ஒட்டிய லைனிங்கின் பிடியும் குறையும். டிஸ்க் காற்றில் திறந்திருப்பதால் சூடு சீக்கிரம் வெளியேறுகிறது, தண்ணீர் பட்டாலும் உடனே உதறிவிடுகிறது. 1953இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் சி-டைப் வென்றபோது அதில் டன்லப் டிஸ்க் பிரேக் இருந்தது. நேர்பாதையின் முடிவில் மற்றவர்களைவிடத் தாமதமாகப் பிரேக் பிடிக்க முடிந்தது; அதையே மணிக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்யவும் முடிந்தது. ஆகவே பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவர், நீண்ட மலை இறக்கங்களில் அடிக்கடி இறங்குகிறவர், முன் பிரேக்கை ஏற்கெனவே பெரிதாக்கியவர், டிரம் தேய்மான எல்லையைத் தாண்டி மாற்று கிடைக்காதவர் ஆகியோருக்கு இந்த மாற்றம் நியாயமானது. வார இறுதியில் சாதாரணச் சாலையில் ஓட்டுகிறவருக்கு நான் சொல்வது, டிரம்மையே ஒழுங்காகச் சரிசெய்யுங்கள் என்பதுதான். புது வீல் சிலிண்டர் (ஷூவைத் தள்ளும் சிலிண்டர்), டிரம்மின் வளைவோடு பொருந்தி உட்காரும் ஷூ, துருப்பிடிக்காத அட்ஜஸ்டர், புது ஹோஸ், புது பிரேக் ஆயில் இவ்வளவு போதும். பிரேக் சரியில்லை என்று வரும் கார்களில் பெரும்பாலானவை பல வருடமாக அட்ஜஸ்ட் செய்யப்படாதவை.

சரி, மாற்றியே தீர வேண்டும் என்றால் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. 1,000 கிலோ எடை, முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2.3 மீட்டர், எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில், நிற்கும்போது முன்னும் பின்னும் தலா 500 கிலோ என்று ஒரு காரை எடுத்துக்கொள்வோம். காய்ந்த சாலையில் 0.8 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.8 பங்கு) அளவுக்கு அழுத்திப் பிரேக் பிடித்தால் சுமார் 175 கிலோ பின்னாலிருந்து முன்னுக்குப் போய்விடும். பின் சக்கரங்களின் மேல் மிஞ்சுவது 325 கிலோ. அதாவது மொத்த பிரேக் வேலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் பின் சக்கரங்கள் செய்ய முடியும். அதற்கு மேல் செய்ய வைத்தால் அவை லாக் ஆகும்.

முன் சக்கரம் முதலில் லாக் ஆனால் ஸ்டீயரிங் கேட்காது, ஆனால் வண்டி நேராகச் சறுக்கும். பின் சக்கரம் முதலில் லாக் ஆனால் வண்டியின் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். ஒரு நொடியில் சுழன்றுவிடும். சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் இல்லாத இந்த கார்களில் அதைத் தடுக்க எதுவுமில்லை. வடிவமைத்த பொறியாளர்கள் பின்னால் சின்ன டிரம் வைத்ததற்குச் செலவு மட்டும் காரணமில்லை. பின்னால் அவ்வளவுதான் தேவைப்பட்டது.

அடுத்தது, டிரம்முக்கும் டிஸ்க்குக்கும் குணத்திலேயே உள்ள வித்தியாசம். டிரம்மில் சுழலும் திசையை நோக்கிய ஷூவை டிரம்மே இழுத்துத் தன்னோடு அழுத்திக்கொள்ளும். இதனால் சிலிண்டர் கொடுக்கும் விசையைப்போல ஏறத்தாழ 2 முதல் 2.5 மடங்கு பிரேக் விசை கிடைக்கிறது. டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. இரண்டு பேடும் சேர்ந்தே 0.7, 0.8 மடங்குதான். இதை ஈடுகட்டத்தான் பேடைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டன் பெரிதாக இருக்கிறது. 20 மி.மீ. வீல் சிலிண்டர் இருந்த இடத்தில் 40 மி.மீ. பிஸ்டன் வந்தால் பரப்பு நான்கு மடங்கு. டிரம்மின் உதவி போனதைக் கழித்துப் பார்த்தாலும், அதே பெடல் அழுத்தத்துக்குப் பின் பிரேக் முன்பைவிட மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பலமாகிவிடும். 30 மி.மீ. பிஸ்டன் என்றால் நிலைமை தலைகீழ்: பின் பிரேக் பழைய டிரம்மைவிடப் பலவீனமாகி, முன்னால் சுமை கூடிவிடும். எந்தக் காரின் காலிப்பர் என்று மட்டும் கேட்டு வாங்குகிறவர்கள் பிஸ்டன் விட்டத்தைக் கேட்பதே இல்லை. எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

பின்பக்க அழுத்தத்தைக் கட்டுப்படுத்த புரப்போர்ஷனிங் வால்வு உண்டு. திருகி அட்ஜஸ்ட் செய்யும் வகையைப் பின் சக்கரங்களுக்கு ஆயில் போகும் லைனில் மட்டும் போட வேண்டும். காரில் ஏற்கெனவே கம்பெனி வால்வு இருந்தால் அதையும் விட்டுவைத்து இன்னொன்றைச் சேர்க்கக் கூடாது. இதை அட்ஜஸ்ட் செய்யும் விதத்தில் ஒரு தவறு பரவலாக இருக்கிறது. ஈரத் தரையில் சக்கரம் எளிதாக லாக் ஆகும் என்பதால் அங்கேயே வைத்துப் பார்த்துவிடுகிறார்கள். ஈரத்தில் பிடிமானம் குறைவு, அதனால் எடையும் முன்னால் அதிகம் சாயாது. பின் சக்கரம் லாக் ஆகாமல் சாலையைப் பிடித்துக்கொள்ளும். அதே அமைப்போடு காய்ந்த சாலையில் அழுத்திப் பிரேக் பிடித்தால் பின்பக்கம் லேசாகி முதலில் லாக் ஆகிவிடும். ஆகவே ஆள் நடமாட்டமில்லாத, காய்ந்த, நல்ல பிடிமானமுள்ள தரையில், குறைந்த வேகத்தில் தொடங்கி, டிரைவர் மட்டும் உட்கார்ந்து, முன் சக்கரம் எப்போதும் முதலில் லாக் ஆகும்படி வைக்க வேண்டும். பிறகு அதிகப் பிடிமானமுள்ள டயருக்கு மாறினால் மறுபடி பார்க்க வேண்டும்.

பெடலை மிதிக்கும்போது லைனுக்குள் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் இந்தக் கணக்கில் வருகிறது. பெரிய பிஸ்டனை நகர்த்த அதிக ஆயில் வேண்டும், அதனால் பெடல் ஆழமாகப் போகும். 240இசட்டில் இருக்கும் 22.2 மி.மீ. மாஸ்டர் சிலிண்டருக்குப் பதில் பலர் 280இசட்எக்ஸின் 23.8 மி.மீ. சிலிண்டரைப் போடுவது இதனால்தான். பெடல் மேலே வந்துவிடும், ஆனால் அதே பிரேக்குக்குக் காலால் சுமார் 15 சதவீதம் அதிகமாக அழுத்த வேண்டியிருக்கும். அடுத்து, டிரம் இருந்த லைனில் ஒரு ரெசிஜுவல் வால்வு ஒளிந்திருக்கலாம். வீல் சிலிண்டர் சீல் வழியாகக் காற்று புகாமலிருக்க, சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை அது லைனில் எப்போதும் வைத்திருக்கும். டிஸ்க்குக்கு அது ஆகாது. 40 மி.மீ. பிஸ்டனில் 10 பிஎஸ்ஐ என்றால் கிட்டத்தட்ட 9 கிலோ விசை. காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும், சூடேறும். அந்த வால்வை எடுத்தாக வேண்டும்.

இவ்வளவு தூரம் பிரேக் லைனைப் பிரிக்கிறீர்கள் என்றால், உங்கள் கார் ஒரே சர்க்யூட் கொண்ட பழைய வகையா என்று பாருங்கள். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும் அமைப்பு அது. அதை இரட்டைச் சர்க்யூட்டாக மாற்றுவது, என்னைக் கேட்டால், பின் டிஸ்க்கைவிட முக்கியம்.

இனி ஹேண்ட்பிரேக். இந்த வேலையில் அதிகம் புறக்கணிக்கப்படுவது இதுதான். சரிவில் காரைப் பிடித்து நிறுத்துவதில் டிரம் மிகச் சிறந்தது. முன் சொன்ன இழுத்துக்கொள்ளும் குணம் இங்கேயும் உதவுகிறது. அதை எடுத்துவிட்டால் காலிப்பருக்குள்ளேயே ஹேண்ட்பிரேக் பொறி உள்ள வகையோ, தனியாகக் கேபிளால் இயங்கும் சின்ன காலிப்பரோ, டிஸ்க்கின் நடுக்கிண்ணத்துக்குள் சின்ன டிரம் உள்ள வகையோ வேண்டும். எனக்குப் பிடித்தது கடைசி வகை, ஆனால் எல்லாக் காரிலும் அதற்கு இடம் இருக்காது.

காலிப்பர் வகையில் ஒரு ஆபத்து உண்டு. வேகமாக ஓட்டிவந்து சரிவில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடுகிறீர்கள். டிஸ்க் அப்போது சூடாக, விரிந்திருக்கிறது. ஆறும்போது சுருங்கும், பிடியும் தளரும். நிறுத்திய கார் கால் மணி நேரம் கழித்துத் தானாக உருளுவது இப்படித்தான். கியரில் போட்டு, கார் உருண்டால் ஓரக்கல்லில் முட்டி நிற்கும்படி முன் சக்கரத்தைத் திருப்பி நிறுத்துங்கள். ஆறிய பிறகு லிவரை இன்னொரு முறை இழுங்கள். ஹேண்ட்பிரேக்குக்குப் பதிலாக பிரேக் ஆயில் அழுத்தத்தைப் பூட்டி வைக்கும் வால்வு ஒன்றைச் சிலர் போடுகிறார்கள். சீலில் சின்னக் கசிவு போதும், பிடி மொத்தமாகப் போய்விடும். ஹேண்ட்பிரேக் கேபிளால்தான் இயங்க வேண்டும், ஏனென்றால் ஆயில் பிரேக் முழுவதும் தோற்றுப்போனால் மிஞ்சுவது அது ஒன்றுதான்.

பொறி உள்ளே இருக்கும் காலிப்பர்களில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே தள்ள வேண்டும். கிளாம்ப் போட்டு அழுத்தினால் உள்ளிருக்கும் அட்ஜஸ்டர் உடையும். மாட்டும்போது கேபிளைத் தளர்த்தி வைத்து, அட்ஜஸ்டர் தன் இடத்துக்கு வந்த பிறகே கேபிளை இறுக்க வேண்டும். முதலிலேயே கேபிளை இறுக்கிவிட்டால் அட்ஜஸ்டர் வேலை செய்யாது. பெடல் எப்போதும் ஆழமாகவே போகும். லைனிலிருந்து எவ்வளவு முறை ஏர் எடுத்தாலும் பெடல் சரியாகாத கார் வந்தால் முதலில் இதைப் பார்ப்போம். அடுத்துப் பார்ப்பது ஏர் எடுக்கும் நிப்பிள் காலிப்பரின் மேல்பக்கம் இருக்கிறதா என்பது. இடது, வலது காலிப்பர் மாறிப் போயிருந்தால் நிப்பிள் கீழே வந்துவிடும், காற்று மேலே தங்கிவிடும்.

மரை விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய பிரிட்டிஷ் கார்களின் பிரேக் லைன்களில் 3/8 அங்குல யுஎன்எஃப் மரை இருக்கும். பிற்காலக் காலிப்பர்களில் 10 மி.மீ. மெட்ரிக் மரை. முதலாவதின் விட்டம் 9.5 மி.மீ.; அங்குலத்துக்கு 24 மரை. மெட்ரிக்கில் ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1 மி.மீ. இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் ஒன்று மற்றொன்றுக்குள் சில சுற்று ஏறிவிடும், இறுகியதுபோலவும் தோன்றும். அவசரத்தில் பெடலை முழுப் பலத்தோடு மிதிக்கும் நாளில் மரை வழித்துக்கொண்டு லைன் கழன்று வந்துவிடும். பட்டறைகளில் மாற்றிய கார்களிலேயே இதைப் பார்த்திருக்கிறேன். கையால் சில சுற்று ஏறியதை நம்பாமல், மரை கேஜ் வைத்துப் பாருங்கள். லைன் முனையை விரிக்கும் வடிவமும் இரண்டு முறைகளில் வேறு வேறு. அதையும் கலக்கக் கூடாது.

காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டைக் கையில் கிடைத்த இரும்புத் தகட்டில் வெட்டிச் செய்யாதீர்கள். பிரேக்கின் முழுத் திருப்பு விசையும் அதன் மேல்தான் வருகிறது. டிஸ்க்கின் ஆட்டத்தை டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். திடமான பின் ஆக்சில் உள்ள கார்களில் ஆக்சில் ஷாஃப்ட்டுக்குப் பக்கவாட்டு பிளே இருந்தால், டிரம் அதைப் பொறுத்துக்கொள்ளும். டிஸ்க் வளைவில் அசைந்து பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளிவிடும். வளைவு முடிந்து மிதிக்கும் முதல் மிதி காலியாகப் போகும். பேரிங்கைச் சரிசெய்யாமல் டிஸ்க் போடுவதில் அர்த்தமில்லை. சக்கரத்தை மாட்டிய பிறகு ரிம்முக்கும் காலிப்பருக்கும் இடையே இடம் இருக்கிறதா, ரிம்மின் உள்பக்கம் ஒட்டிய பேலன்ஸ் எடை உரசுகிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். ஹப் தடிமன் கூடியிருந்தால் ஸ்டட்டில் நட்டு ஏறும் நீளம் குறைந்திருக்கும். ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது நட்டு ஏற வேண்டும்.

டிரம்மைத் திறக்கும்போது உங்கள் நுரையீரலையும் நினையுங்கள். அந்தக் காலத்துக் கார்களின் ஷூ லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும். டிரம்முக்குள் படிந்திருக்கும் தூசு அதுவே. ஏர் கன் வைத்து ஊதவே கூடாது, உலர்ந்த பிரஷ்ஷும் வேண்டாம். நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியை மூடிய பையில் போட்டு அப்புறப்படுத்துங்கள். சரியான ஃபில்டர் உள்ள முகக்கவசம் போடுங்கள். குழந்தைகள் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

வேலை முடிந்ததும் நேராகச் சாலைக்குப் போகக் கூடாது. இன்ஜின் ஓடும்போது பெடலை முழுப் பலத்தோடு ஒரு நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். பெடல் மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு. ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். ஆக்சில் முழுவதும் கீழே தொங்கும்போதும், முழுவதும் மேலே ஏறியிருக்கும்போதும் ஹோஸ் இழுபடாமல், உரசாமல் இருக்க வேண்டும். பேட் பதிய, மிதமான வேகத்திலிருந்து பல முறை மெதுவாகப் பிரேக் பிடித்து, இடையிடையே ஆறவிடுங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் நான்கு டிஸ்க்கையும் தொடாமல், கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒரு பின் சக்கரம் மட்டும் அதிகம் கொதித்தால் பேட் விலகவில்லை அல்லது ஹேண்ட்பிரேக் கேபிள் இறுக்கம். மாற்றத்தை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு காரை மறுபடி ஸ்டாண்டில் ஏற்றி, பிராக்கெட் போல்ட்களை டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபார்த்து, கேபிளை இன்னொரு முறை அட்ஜஸ்ட் செய்யுங்கள்.