கப்பலில் கல்நார் தூசி: பிரிட்டன் கடற்படையினருக்கு என்ன கிடைக்கும்?

நம் ஊரில் கூரைக்குப் போடுகிற ஆஸ்பெஸ்டாஸுக்குத் தமிழில் கல்நார் என்று பெயர். தீப்பிடிக்காது, சூட்டை வெளியே விடாது. நீராவியில் ஓடிய போர்க்கப்பல்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? கொதிகலன், நீராவிக் குழாய், எஞ்சின் அறை என்று பிரிட்டன் கடற்படை எங்கும் கல்நாரைச் சுற்றியது. பழுது பார்க்க அதைப் பிய்க்கும்போதெல்லாம் தூசி பறந்தது. அன்று மூச்சில் போன தூசி, 20 முதல் 50 ஆண்டுகள் கழித்து மீசோதெலியோமாவாக வெளிவரலாம். நுரையீரலைச் சுற்றிய மெல்லிய உறையில் பெரும்பாலும் வருகிற புற்றுநோய் அது. பிரிட்டனில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் இதில் இறக்கிறார்கள்.

சரி, நோய் வந்தால் இழப்பீடு கேட்கலாமா? ஒரே கப்பலில் ஒரே தூசியை இருவர் சுவாசித்திருந்தாலும் பதில் வேறு வேறு. டெவன்போர்ட், போர்ட்ஸ்மவுத் போன்ற கடற்படைத் தளங்களில் வேலை பார்த்த சிவிலியன் தொழிலாளி, அலட்சியத்துக்காகப் பாதுகாப்பு அமைச்சகத்தின் மீது வழக்குப் போடலாம். சீருடை அணிந்த படையினர் அப்படி வழக்குப் போடுவதை, அரசு மீதான வழக்குகள் பற்றிய 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு தடுத்தது. அந்தத் தடை 1987 மே 15 அன்று நீங்கியது. ஆனால் அதற்கு முந்தைய காலத்துக்கு நீக்கம் செல்லாது. தூசி பட்ட தேதிதான் கணக்கு, நோய் தெரிந்த தேதி அல்ல. 1955 முதல் 1968 வரை கடற்படையில் இருந்த ஒருவர் இதை எதிர்த்து, அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போனார், 2003-ல் தோற்றார்.

இப்படி வழக்குப் போட முடியாதவர்களுக்கு இருக்கும் வழி போர் ஓய்வூதியத் திட்டம். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், போரில் அடிபட்டிருக்கத் தேவையில்லை. 2005 ஏப்ரல் 6-க்கு முந்தைய படைப்பணியால் வந்த நோய் என்றால் போதும். ஆனால் மாதாமாதம் வரும் பணம், நோய் கண்ட பின் பல ஆண்டுகள் உயிரோடு இருப்பது அரிதான ஒருவருக்கு எவ்வளவு சேரும்? முன்னாள் படையினருக்கு உதவும் ராயல் பிரிட்டிஷ் லீஜியன் அமைப்பு இதைத்தான் கேட்டுப் போராடியது. அதன் பிறகு 2016 ஏப்ரல் 11 முதல், மீசோதெலியோமா உள்ளவர்கள் 1,40,000 பவுண்டை ஒரே தொகையாக வாங்கிக்கொள்ளலாம் என்று விதி வந்தது. முதலில் 2015 டிசம்பர் 16-க்குப் பின் நோய் கண்டவர்களுக்கு மட்டும் என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும், ஏற்கெனவே நோயோடு ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தவர்களையும் சேர்த்தார்கள்.

மாதத் தொகையா, மொத்தத் தொகையா என்பது விண்ணப்பதாரர் முடிவு. கையெழுத்துப் போடுமுன், தன் மறைவுக்குப் பிறகு துணைவருக்கு எந்த வழியில் என்ன கிடைக்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. கல்நாரால் வரும் மற்ற நோய்களுக்கு இந்த மொத்தத் தொகை கிடையாது. நுரையீரல் இறுகிப்போகும் ஆஸ்பெஸ்டோசிஸுக்குப் பாதிப்பின் சதவீதத்தைப் பார்த்து ஓய்வூதியம் தருவார்கள்.

படையை விட்டு விலகி 7 ஆண்டுகளுக்குள் ஓய்வூதியம் கேட்டால், நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று அரசுதான் நிரூபிக்க வேண்டும். அதற்குப் பிறகு, தொடர்பு இருக்கலாம் என்று காட்டும் நம்பகமான சான்றை நாம் கொடுக்க வேண்டும். கல்நார் நோயில் கிட்டத்தட்ட எல்லாரும் இந்த இரண்டாம் வகைதான். அதனால் எந்தக் கப்பல், எந்த ஆண்டு, எந்த அறையில் என்ன வேலை என்பதை நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள். ஓய்வூதியம் பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்துதான் கணக்காகும், எனவே எல்லாக் காகிதமும் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் வீட்டில் இருந்தவர்கள். கணவரின் தூசி படிந்த வேலை உடுப்பைத் துவைத்தே இந்த நோய் வாங்கிய பெண்கள் உண்டு. அவர்களுக்கு 2008-ஆம் ஆண்டின் தனித் திட்டத்தில் ஒருமுறைத் தொகை கிடைக்கும். நோய் உறுதியான 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.