நவகாலனியம்: ‘நவ’ வேண்டாம், ‘புது’ போதும்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனைப் பெயர்ப்பலகையில் ‘காலனி’ என்பதற்கு மூன்று சுழி ணகரம் போட்டுக் ‘காலணி’ என்று எழுதியிருந்தார்கள். காலணி என்றால் செருப்பு. பொறுக்க முடியாத யாரோ ஆணியால் ஒரு சுழியைச் சுரண்டிவிட்டார். பெயின்ட் உதிர்ந்த இடத்தில் துரு தெரிகிறது. எனக்கு அவர்மேல் மரியாதை. ஒரு சுழியில் பொருள் மாறிவிடும் என்று கவலைப்படுகிறவர் நம் தெருவில் இருக்கிறாரே.

‘நவகாலனியம்’ என்ற சொல்லுக்குள்ளும் இருப்பது இந்தக் ‘காலனி’தான். லத்தீனில் ‘கொலோனுஸ்’ என்றால் உழவன். ரோமானியர் தாம் வென்ற மண்ணில் தம் ஆட்களை, பெரும்பாலும் படையிலிருந்து ஓய்வுபெற்றவர்களை, நிலம் கொடுத்துக் குடியமர்த்திய ஊருக்குக் ‘கொலோனியா’ என்று பெயர். ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்குப் பெயர் வந்தது அப்படித்தான். ஏர் பிடித்தவனைக் குறித்த சொல் ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தபோது, நகரத்தில் வரிசை வீடுகளுக்குப் பெயராயிற்று. கிராமத்தில் ஊருக்கு வெளியே தலித் மக்களை ஒதுக்கிவைத்த குடியிருப்புக்குப் பெயராயிற்று. அந்த இழிவு ஒட்டிக்கொண்டதால்தான் 2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

‘காலனியம்’ என்பது ஒரு நாடு இன்னொரு நாட்டை நேரடியாகப் பிடித்து ஆள்வது. ‘நவகாலனியம்’ (ஆங்கிலத்தில் neo-colonialism) வேறு. கொடி சொந்தம், நாடாளுமன்றம் சொந்தம், தேசிய கீதமும் சொந்தம். பொருளாதாரத்தின் கடிவாளம் மட்டும் வெளியே இருக்கும். 1961இல் கெய்ரோவில் கூடிய அனைத்து ஆப்பிரிக்க மக்கள் மாநாடு இதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. 1965இல் கானாவின் குடியரசுத் தலைவர் க்வாமே என்க்ரூமா இச்சொல்லைத் தம் நூலின் தலைப்பிலேயே வைத்தார். அவருடைய நாடு 1957 மார்ச் 6ஆம் தேதி விடுதலை பெற்றிருந்தது. ஆனால் கானாவில் விளைந்த கோகோவுக்கு விலை பேசிய சந்தைகள் லண்டனிலும் நியூயார்க்கிலும் இருந்தன.

இதை நான் புரிந்துகொண்ட இடம் காசிமேடு. என் பெரியப்பா மகன் அங்கே விசைப்படகு வைத்திருக்கிறார். பதிவுச் சான்று அவர் பெயரில்தான். டீசலுக்கும் ஐஸுக்கும் எஞ்சின் பழுதுக்கும் ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார். வட்டி கிடையாது, பிடித்து வரும் மீனை அந்த வியாபாரிக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். விடியற்காலை ஏலத்தில் பக்கத்துக் கூடை வஞ்சிரம் என்ன விலைக்குப் போகிறது என்பது அண்ணன் காதில் விழும். விழுந்தும், தம் கூடையை அதற்குக் குறைவாக இறக்கிக் கொடுத்துவிட்டு, தார்ப்பாயைக் கழுவப் போய்விடுவார்.

இந்தக் கரைக்கு இது பழைய கதை. கிழக்கிந்தியக் கம்பெனியும் நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துத்தான் துணி வாங்கியது. அந்தத் துணியை வெளுத்துக் கொடுத்தவர்களின் பேட்டைதான் வண்ணாரப்பேட்டை.

இனி, ‘ஜனநாயகத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்’ என்று வல்லரசுகள் பேசும் பேச்சு. 2003 மார்ச்சில் அமெரிக்கப் படை இராக்கில் நுழைந்தபோது இந்தப் பேச்சும் கூடவே போனது. இராக்கியர் நாடாளுமன்றத்துக்கு வாக்களித்தது 2005 ஜனவரியில். அதற்கு முன்பே, 2003 செப்டம்பரில், ஆக்கிரமிப்பு நிர்வாகம் 39ஆம் ஆணையைப் பிறப்பித்துவிட்டது: இயற்கை வள அகழ்வு, வங்கி போன்ற சில துறைகள் நீங்கலாக, இராக்கிய நிறுவனங்களை அந்நியர் நூற்றுக்கு நூறு வாங்கலாம், லாபத்தை முழுவதும் வெளியே எடுத்துச் செல்லலாம். வாக்குப்பெட்டி வந்து சேருவதற்கு முன்பே கடைச்சாவி கைமாறிவிட்டது. ஈரானில் நடந்தது இன்னும் கொடுமை. எண்ணெயை நாட்டுடைமையாக்கிய பிரதமர் மொசாதேக்கை 1953இல் கவிழ்த்ததில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகளுக்குப் பங்கு உண்டு. தன் பொருளுக்குத் தானே விலை சொல்ல முடியாத நாட்டுக்கு வாக்குரிமையை மட்டும் கொடுப்பதை உதவி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதற்காக வெளியார் பிடியைக் காட்டி உள்ளூர் ஆட்சியாளர் தப்பிக்கவும் கூடாது. இச்சொல்லைப் பரப்பிய என்க்ரூமாவே 1964இல் கானாவை ஒரே கட்சி நாடாக்கினார். அவருடைய நூலை மதிக்கிறேன். இதை மன்னிக்க மாட்டேன்.

தமிழில் என்ன சொல்வது? ‘நவ’ என்றதும் தமிழ்க் காதுக்கு நவகிரகம், நவதானியம் என்று ஒன்பதுதான் முதலில் வரும். ஆகவே ‘புது’ போதும். ‘புதுக்குடியேற்றவாதம்’ என்று எழுதுவோர் உண்டு. ‘குடியேறு’ அழகான வினை. ஆனால் இந்த ஆதிக்கத்தில் யாருமே குடியேறுவதில்லை, கப்பல் விட்டு இறங்காமலே எல்லாம் நடக்கிறது. பொருளை அப்படியே சொல்ல வேண்டுமானால் ‘பொருள்வழி ஆளுகை’ என்பேன். பள்ளிப் பிள்ளைக்கும் சொன்னவுடன் விளங்கும். கட்டுரைகளில் ‘புதுக்காலனியம்’ என்றே எழுதலாம், ஏனெனில் அந்த வேர்ச்சொல்லில் ரோமாபுரியும் கம்பெனியும் நம் ஊர்ச் சேரியும் சேர்ந்தே கிடக்கின்றன. இலங்கைத் தமிழர் எழுதும் ‘நவகாலனித்துவம்’ என்பதைத் தவறென்று நான் திருத்த மாட்டேன்.