குழாயைத் திறந்தது பம்புக்கு எப்படித் தெரியும்?

நண்பர் ஒருவர் பழைய பள்ளிப் பேருந்து ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்படி, குளியலறை எல்லாம் வைத்து வீடாக மாற்றியிருந்தார். முதல் பயணத்தில் நானும் தொற்றிக்கொண்டேன். நடுராத்திரி, எல்லோரும் படுத்த பிறகு, கட்டிலுக்கு அடியில் 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம். அரை நொடிதான். நின்றுவிட்டது. கண் சொக்குகிற நேரம் பார்த்து மறுபடியும் 'டர்ர்ர்'. எலியாகத்தான் இருக்கும் என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். எலி இல்லை, தண்ணீர் பம்ப். வண்டியில் ஒரு குழாயும் திறந்திருக்கவில்லை. அப்புறம் அது யாருக்காக ஓடுகிறது?

வீட்டில் இந்தக் கேள்வியே வராது. மோட்டாரைப் போட்டு மொட்டை மாடித் தொட்டியை நிரப்பிவிட்டால் மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். 10 மீட்டர் உயரத் தொட்டி, குழாயில் ஏறக்குறைய 14 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்கிற கணக்கு) அழுத்தம் கொடுக்கும். பேருந்தின் கூரையில் தொட்டியை வைத்தால் குளிப்பவர் தலைக்கு மேல் ஒரு மீட்டர்கூடத் தேறாது. ஷவர் வெறுமனே சொட்டும். அதோடு 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ. அதை உச்சந்தலையில் சுமந்துகொண்டு கொண்டை ஊசி வளைவில் திரும்ப எந்த டிரைவரும் சம்மதிக்கமாட்டார். ஆகவே தொட்டி தரைக்கு அடியில் போய்விடுகிறது. அழுத்தத்தைப் பம்ப்தான் உண்டாக்க வேண்டும்.

சரி, வீட்டில் இருக்கும் அரை ஹெச்பி மோனோபிளாக்கையே மாட்டினால் என்ன? பலர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு 230 வோல்ட் வேண்டும், அதாவது இன்வெர்ட்டர் வேண்டும். ஓடும்போதே 370 வாட்டுக்கு மேல் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு. அதைவிடப் பெரிய சிக்கல், அது விசிறியைச் சுழற்றித் தண்ணீரை வீசும் பம்ப். உள்ளே காற்று புகுந்துவிட்டால் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். யாராவது தண்ணீர் ஊற்றிப் பிரைமிங் செய்ய வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் அதன் சீல் சூடேறிக் கெட்டுவிடும். மேடு பள்ளத்தில் குலுங்கும் தொட்டியில், தண்ணீர் பாதிக்குக் கீழே போனதும், உறிஞ்சும் வாய்க்குள் காற்று புகத்தான் செய்யும்.

உலகம் முழுவதும் இந்த வண்டிகளில் பெரும்பாலும் ஓடுவது 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப், அதாவது சவ்வு பம்ப். கேரவன்காரர்களின் கண்டுபிடிப்பு ஏதோ என்று நினைக்க வேண்டாம். வயலில் மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரிலும், அடுப்படியில் இருக்கும் ஆர்ஓ மெஷினிலும் இருப்பது இதன் தம்பிதான். வீணாய்ப்போன ஸ்பிரேயர் ஒன்று கிடைத்தால் பம்பைக் கழற்றிப் பாருங்கள், நாலைந்து ஸ்குரூதான். மோட்டாரின் தண்டில் நேராக நிற்காமல் சாய்ந்து நிற்கும் ஒரு தட்டு இருக்கும். தண்டு சுற்றும்போது அந்தத் தட்டு, பம்பரம் சாயப்போகும் நேரத்தில் தலையாட்டுமே, அப்படி ஆடும். தட்டோடு ஒரு ரப்பர் சவ்வு ஒட்டியிருக்கும். சவ்வில் இரண்டோ மூன்றோ நான்கோ குழிகள். தட்டு ஆட ஆட, ஒரு குழி பின்னால் இழுபட்டுத் தண்ணீரை வாங்கும். அதே நேரம் இன்னொன்று முன்னால் அமுங்கித் தண்ணீரைத் தள்ளும். வந்த வழியே தண்ணீர் திரும்பாமல் இருக்க ஒவ்வொரு குழிக்கும் நகக்கண் அகலத்தில் ரப்பர் வால்வுகள் உண்டு. நம் இதயமும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறது.

குழி சுருங்கி விரிவதால் இது காற்றையும் இழுத்துத் தள்ளிவிடும். பிரைமிங் தேவையில்லை. கொஞ்ச நேரம் வறண்டு ஓடினாலும் சேதமில்லை. ஆனால் தள்ளுவதில் இருக்கும் வீரம் இழுப்பதில் கிடையாது. பரவலாகப் புழங்கும் ஷுர்ஃப்ளோ 4008 வகையை எடுத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 11 லிட்டர் தரும், 55 பிஎஸ்ஐயில் நிற்கும். 55 பிஎஸ்ஐ என்பது 38 மீட்டர் உயரத் தண்ணீர், அதாவது பன்னிரண்டு மாடிக்கு மேல் தொட்டி வைத்ததற்குச் சமம். இழுப்பதோ இரண்டு மீட்டருக்கும் குறைவு. காரணம், உறிஞ்சுவது என்று நாம் சொல்வது உண்மையில் வெளிக்காற்று தண்ணீரை மேலே தள்ளுவதுதான். பழுதே இல்லாத பம்பாக இருந்தாலும் கடல் மட்டத்தில் 10.3 மீட்டருக்கு மேல் ஏற்ற முடியாது. காலியான குழாயில் காற்றை மட்டும் வைத்துக்கொண்டு சின்ன ரப்பர் சவ்வு அதில் ஐந்தில் ஒரு பங்கு இழுத்தாலே பெரிது. அதனால் பம்பைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள்; குழாய் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் பாதகமில்லை.

இப்போது ராத்திரிக் கேள்விக்கு வருவோம். பம்பின் தலையில் சின்னப் பெட்டி ஒன்று இருக்கும், அதுதான் பிரஷர் சுவிட்ச். உள்ளே ஒரு ஸ்பிரிங், அதை எதிர்த்து நிற்கும் இன்னொரு சின்னச் சவ்வு. எல்லாக் குழாயும் மூடியிருந்தால், தள்ளிய தண்ணீர் போக இடமின்றி அழுத்தம் ஏறும். 55ஐத் தொட்டதும் சவ்வு ஸ்பிரிங்கை அமுக்கி மின்சாரத்தை வெட்டும். குழாயைத் திறந்தால் அழுத்தம் இறங்கும். 40 வாக்கில் ஸ்பிரிங் ஜெயித்து மோட்டாரை ஓடவிடும். குழாய் திறந்ததெல்லாம் பம்புக்குத் தெரியாது. அழுத்தம் குறைந்தது மட்டும்தான் தெரியும். எதனால் குறைந்தாலும் அது ஓடும்.

அன்றைக்கு எதனால் குறைந்தது? காலையில் குழாய்கள், இணைப்புகள் எல்லாவற்றையும் கையால் தடவிப் பார்த்தோம். எங்கேயும் ஈரமில்லை. வெளியே ஒழுகவில்லை என்றால் உள்ளேதான் ஒழுக வேண்டும். பம்பைத் திறந்தோம். தண்ணீர் வெளியேறும் பக்கத்து ரப்பர் வால்வுக்கு அடியில், பென்சில் சீவியது போல ஒரு சுருள் பிளாஸ்டிக். தொட்டியில் குழாய்க்கு ஓட்டை போட்டபோது விழுந்த துருவல். வால்வு முழுசாக மூடாமல், அழுத்தத்தில் நின்ற தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்கே திரும்பிக்கொண்டிருந்தது. ஊதி எடுத்துவிட்டு மாட்டினோம், சத்தம் நின்றது. நண்பர் புதுப் பம்பு வாங்கக் கிளம்பியிருந்தார்! பம்புக்கு முன்னால் வடிகட்டி வைத்திருந்தால் இந்தக் கூத்தே இல்லை. அங்குலத்துக்கு 50 கண் உள்ள சின்ன வலை, மூடி கண்ணாடி போலத் தெரிந்தால் நல்லது. பம்புக்கு அடுத்து வாங்க வேண்டிய பொருள் என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

நம்பகமான பம்ப் எது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று பார்க்கிறார்கள். ஒரு ஷவரும் ஒரு குழாயும் உள்ள வண்டிக்கு 10, 11 லிட்டரே தாராளம். பெரிய பம்ப் வாங்கினால் தொல்லைதான் பெரிசாகும். பல் தேய்க்கக் குழாயைக் கொஞ்சமாகத் திறக்கிறீர்கள். பம்ப் கிளம்பி அரை நொடியில் 55ஐத் தொட்டு நிற்கிறது. உடனே அழுத்தம் இறங்க மறுபடி கிளம்புகிறது. நின்ற நிலையிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு முறையும் மோட்டார் பல மடங்கு மின்சாரம் இழுக்கும், சுவிட்சின் முனைகளில் பொறி பறக்கும், முனை கருகும். எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைவிட எத்தனை முறை கிளம்பியது என்பதுதான் இந்தப் பம்பின் ஆயுளைத் தின்கிறது.

இதற்கு மருந்து, பம்புக்குப் பிறகு மாட்டும் ஒரு லிட்டர் அழுத்தத் தொட்டி. உள்ளே ரப்பர் பை, ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர். பம்ப் ஓடும்போது தண்ணீர் காற்றை அமுக்கிச் சேர்ந்துகொள்ளும். நின்ற பிறகு காற்று அதைத் திருப்பித் தள்ளும். ஆனால் மாட்டினால் மட்டும் போதாது, காற்றை அளந்து அடைக்க வேண்டும். காற்றின் அழுத்தம் ஏற ஏற அதே விகிதத்தில் அதன் கொள்ளளவு சுருங்கும் என்கிற பாயில் (Boyle) விதிப்படி கணக்குப் போட்டால், 38 பிஎஸ்ஐ காற்று அடைத்த ஒரு லிட்டர் தொட்டி, அழுத்தம் 55லிருந்து 40க்கு இறங்குவதற்குள் ஏறக்குறைய 200 மில்லி தரும், ஒரு டம்ளர். காற்றே அடைக்காமல் விட்டால் 60 மில்லிகூட வராது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்று மெல்லிசாகக் குழாய் திறந்திருந்தால், டம்ளர் கணக்கில் பம்ப் 12 நொடி ஓய்வெடுக்கும். பைக் டயர் போன்ற வால்வுதான், சைக்கிள் பம்பே போதும். பம்பை நிறுத்தி, குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டு அடிக்க வேண்டும். இல்லையென்றால் அளவு தப்பாகக் காட்டும்.

அதிகத் தண்ணீரை உள்ளுக்குள்ளேயே சுற்றவிடும் பைபாஸ் வகைப் பம்புகளுக்கு இந்தத் தொட்டி அவ்வளவாகத் தேவைப்படாது. வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் எலக்ட்ரானிக் பம்புகளும் உண்டு, ஓடுவது சுகமாக இருக்கும். ஆனால் அதில் போர்டு போய்விட்டால் நடுக்காட்டில் ஒன்றும் செய்ய முடியாது. பழைய வகையில் பிரஷர் சுவிட்ச் போனால் அதன் இரண்டு வயரையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டு, கை சுவிட்சால் ஓட்டி ஊர் வந்து சேரலாம்; குழாயைத் திறந்த பிறகுதான் போட வேண்டும், அவ்வளவுதான். நான் பழைய கட்சி.

பேட்டரியைப் பற்றிக் கவலை வேண்டாம். 100 லிட்டர் தண்ணீரை ஏற்ற பத்து நிமிடம், 6 ஆம்பியர். ஒரு ஆம்பியர்-மணிதான் செலவு. வயரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். போகவர மொத்தம் 10 மீட்டருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்தால், 7 ஆம்பியரில் வழியிலேயே 0.8 வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.3தான். இன்னொன்று, நம் பேருந்துகளிலும் லாரிகளிலும் இருப்பது 24 வோல்ட், வேன்களில் பெரும்பாலும் 12. பேருந்து பேட்டரியில் 12 வோல்ட் பம்பை நேராகக் கொடுத்தால் கருகும். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுத்துக்கொள்ளலாம் என்று சில எலக்ட்ரீஷியன்கள் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஒன்று வடிந்துகொண்டே இருக்க, மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகி, இரண்டுமே சீக்கிரம் போய்விடும். 24 வோல்ட் பம்பே கிடைக்கிறது. அல்லது வீட்டுப் பகுதிக்குத் தனி பேட்டரி வைத்துவிடுங்கள்.

படுக்கைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் பம்புக்கு ஒரு சுவிட்சும் வேண்டும். தொட்டி காலியானால் அழுத்தம் 55ஐத் தொடவே தொடாது, பம்ப் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் வெளியே போயிருக்கும்போது ஓஸ் கழன்றுகொண்டாலோ, தொட்டித் தண்ணீர் முழுவதையும் மெத்தை மேல் இறைத்துவிட்டுத்தான் ஓயும். ஸ்பிரேயர் பம்ப் விலை குறைவு என்று அதைக் குடிதண்ணீருக்கு மாட்டுவதும் வேண்டாம். அதன் ரப்பர் உணவுக்கானது என்று யாரும் உறுதி சொல்லவில்லை. சத்தம் குறைய வேண்டுமானால் ரப்பர் கால்களை நசுங்கும்வரை இறுக்காதீர்கள். இரண்டு பக்கமும் அரை மீட்டராவது வளையும் ஓஸ் விடுங்கள். மெல்லிய பிளைவுட்டில் மாட்டினால் அது மத்தளம்.

கடையில் வாங்கும்போது ஒரு 12 வோல்ட் பேட்டரியும், 10 லிட்டர் வாளியும், முனையில் மாட்ட ஒரு குழாயும் கேளுங்கள். வாளி ஒரு நிமிடத்துக்குள் நிரம்ப வேண்டும். பிறகு குழாயை மூடுங்கள், பம்ப் தானாக நிற்கும். கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு எதிரே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். நடுவில் ஒருமுறைகூட 'டர்ர்ர்' கேட்கவில்லை என்றால் பில் போடச் சொல்லுங்கள்.