சீனி வருத்தக்காரருக்கு இரும்புக் குளிசை: தொடங்குமுன் பார்க்க வேண்டியவை

களைப்பு, படியேறினால் இளைப்பு என்றதும் 'இரத்தம் குறைஞ்சு போச்சு' என்று தாமாகவே பார்மசியில் இரும்புக் குளிசை வாங்குவோர் திருகோணமலையில் குறைவில்லை. நீரிழிவு உள்ளவர் அளந்து பார்க்காமல் இதைத் தொடங்கக் கூடாது.

இரும்பு குறைந்தால் புதிய சிவப்பணுக்கள் உருவாவது குறையும், பழையவற்றின் பங்கு கூடும். பழைய அணுவில் சீனி அதிகம் ஒட்டியிருக்கும். அதனால் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அந்த எண்ணை மட்டும் நம்பி சீனியைக் குறைக்கும் கிளிக்லசைட் குளிசையையோ இன்சுலினையோ கூட்டினால் சீனி ஆபத்தாக இறங்கிவிடும். இரும்பு கொடுத்த பின் எச்பிஏ1சி தானாக இறங்குவதும் கட்டுப்பாடு வந்ததற்கு அடையாளமல்ல. விரல்நுனி அளவீட்டோடு அது ஒத்துப்போகாவிட்டால் முதலில் ஹீமோகுளோபினைப் பாருங்கள்.

இரும்பு மிஞ்சினால் பாதிப்பு இரத்தக்குழாய்க்கு. புரதத்துடன் பிணையாமல் இருக்கும் இரும்பு ஐதரசன் பேரொட்சைட்டுடன் தாக்கமடைந்து சுயாதீன மூலிகங்களை (கலங்களைத் தாக்கும் துகள்களை) உண்டாக்கும். அவை குழாயின் உட்சுவரைச் சிதைக்கும். குழாயைத் தளர்த்தும் நைத்திரிக் ஒட்சைட்டும் குறையும். ஆனாலும் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் இரத்த அளவு) 400 என்று வந்ததும் பயப்படத் தேவையில்லை. கொழுப்பு ஈரல், மது, காய்ச்சல், காலில் சீழ்ப்புண் எல்லாமே அதை உயர்த்தும். வெறுவயிற்றில் எடுத்த டிரான்ஸ்பெரின் செறிவும் (இரும்பைச் சுமக்கும் புரதம் எத்தனை வீதம் நிரம்பியிருக்கிறது என்ற அளவு) 45 வீதத்தைத் தாண்டினால்தான் உண்மையான மிகுதியைத் தேட வேண்டும். அப்படி மிகுதி உள்ளவர் பச்சை மட்டி சாப்பிடக் கூடாது, காலில் புண்ணோடு கடலில் இறங்கவும் கூடாது. கடல்நீரிலும் மட்டியிலும் இருக்கும் விப்ரியோ கிருமிக்கு இரும்பு நல்ல தீனி.

ஃபெரிட்டின் 30க்குக் கீழே என்றால் குறைபாடுதான். அழற்சியோ சிறுநீரக நோயோ இருந்தால் 80ஐக்கூட நம்ப முடியாது. டிரான்ஸ்பெரின் செறிவு 20 வீதத்துக்குக் குறைவா என்று பார்க்க வேண்டும். அடுத்த கேள்வி, இரத்தம் எங்கே போகிறது என்பது. இதயத்துக்கு அஸ்பிரின், முழங்கால் வலிக்கு டைக்குளோபினாக் என்று இரண்டும் எடுப்பவருக்கு இரைப்பையில் கசிவு இருக்கலாம். ஆண்களிலும் மாதவிடாய் நின்ற பெண்களிலும் குடலைச் சோதிக்காமல் குளிசை மட்டும் கொடுத்து அனுப்புவது தவறு. நீண்டகாலம் மெட்போமின் எடுப்பவரில் விற்றமின் பி12உம் சேர்ந்து குறைந்தால் சிவப்பணுவின் பருமன் இயல்பாகவே தெரியும், இரண்டு குறைபாடும் மறைந்துவிடும். அணு சிறிதாக இருந்தும் ஃபெரிட்டின் சரியாக இருந்தால் தலசீமியா காவியா (பரம்பரை இரத்தக் குறையைச் சுமப்பவரா) என்று பாருங்கள். அவர்களுக்கு இரும்பால் பயனில்லை.

பெரஸ் சல்பேட் 200 மி.கி. குளிசையில் உள்ள இரும்பு ஏறத்தாழ 65 மி.கி. நாளுக்கு ஒன்று போதும், வயிறு ஏற்காவிட்டால் ஒன்றுவிட்டொருநாள். வெறுவயிற்றில், தேசிக்காய்ப்புளி விட்ட தண்ணீருடன் (சீனி போடாமல்தான்) எடுக்கலாம். பிளேன்டீக்கும் அதற்கும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும், தைரொயிட் குளிசையான தைரொக்சினுக்கு நான்கு மணித்தியாலம். கல்சியத்தை வேறு வேளைக்கு மாற்றுங்கள். மலம் கறுப்பது இயல்பு. பிசுபிசுத்துக் கடுமையாக நாறினால் அது இரத்தக்கசிவாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஹீமோகுளோபின் சரியான பின்னும் சேமிப்பு நிரம்ப இன்னும் 3 மாதம் குளிசை தொடர வேண்டும்.