நீலத்திரை வந்தால் பேக்கப் கெட்டுவிட்டது என்று யார் சொன்னது?

ஐப்பசி இடி இறங்க ஆரம்பித்தால் டெல்டாவில் மதர்போர்டுகளுக்குக் கேடுகாலம். மன்னார்குடி உரக்கடையோ, கும்பகோணம் பாத்திரக்கடையோ, திருத்துறைப்பூண்டி அரிசி ஆலையோ, நடப்பது ஒன்றுதான். போர்டு போயிருக்கும். வெளி ஹார்ட் டிஸ்கில் சிஸ்டம் இமேஜ் (விண்டோஸ், சாஃப்ட்வேர், கோப்புகள் எல்லாவற்றின் முழு நகல்) பத்திரமாக இருக்கும். புது மெஷின் வாங்கி அந்த இமேஜை இறக்கி ஆன் செய்தால் நீலத்திரை, அதாவது விண்டோஸ் நின்றுபோனால் காட்டும் நீலநிறப் பிழைத்திரை. சர்வீஸுக்கு வந்த தம்பி "பேக்கப் கரப்ட் ஆயிடுச்சுண்ணே" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். அதற்கப்புறம் செய்வதுதான் வயிற்றெரிச்சல். "சும்மாதானே கிடக்கு" என்று அந்த வெளி டிஸ்கையே ஃபார்மட் அடித்து, புது மெஷினுக்கு பேக்கப் டிஸ்க் ஆக்கிவிடுகிறார்கள். பில்லும் பாக்கிக் கணக்கும் அத்தோடு போச்சு.

அந்த நீலத்திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவராவது படிக்கக் கூடாதா? "இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்" என்று இருக்கும். விண்டோஸ் 7 என்றால் 7பி என முடியும் எண். அது பேக்கப்பைப் பற்றிய செய்தியே இல்லை. அந்தத் திரையைக் காட்டுவதே உங்கள் இமேஜிலிருந்து எழுந்த விண்டோஸ்தான். எழுந்தபின், புது போர்டின் டிஸ்க் கன்ட்ரோலரோடு (டிஸ்கை இயக்கும் சில்லு) பேசத் தெரியாமல் நிற்கிறது, அவ்வளவுதான். ஃபைல் எல்லாம் டிஸ்கில் வைத்தது வைத்தபடி இருக்கிறது. இமேஜே பழுதாகியிருந்தால் பெரும்பாலும் ரீஸ்டோர் பாதியிலேயே பிழை சொல்லி நின்றிருக்கும். நூறு சதவீதம் ஓடி முடித்துவிட்டு நீலத்திரை காட்டுகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது டிரைவரை, அதாவது அந்தச் சில்லோடு விண்டோஸைப் பேச வைக்கும் சின்ன மென்பொருளை.

புது மெஷின் ஏறாவிட்டாலும் கணக்கை எடுத்துவிடலாம். விண்டோஸின் சொந்த பேக்கப் என்றால் வெளி டிஸ்கில் "விண்டோஸ்இமேஜ்பேக்கப்" என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். உள்ளே பார்ட்டிஷனுக்கு (டிஸ்கின் ஒவ்வொரு பகுதிக்கு) ஒன்றாக விஎச்டிஎக்ஸ் கோப்புகள் (விண்டோஸ் 7-இல் விஎச்டி); ஒரு டிஸ்கையே கோப்பாக அடைத்தது போல. பெரியதாக இருப்பதுதான் பொதுவாக சி டிரைவ். வேறு ஏதாவது மெஷினில் டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, ஆக்‌ஷன் மெனுவில் "அட்டாச் விஎச்டி" கொடுத்து, "ரீட் ஒன்லி" டிக் போட்டு அந்தக் கோப்பைக் காட்டுங்கள். தனி டிரைவாக வந்து நிற்கும். எழுத்து வராவிட்டால் நீங்களே ஒரு டிரைவ் லெட்டர் கொடுங்கள். கணக்கு சாஃப்ட்வேரான டேலி பிரைமின் டேட்டா வழக்கமாக யூசர்ஸ், பப்ளிக், டேலிபிரைம், டேட்டா என்ற வழியில் இருக்கும். முதலில் அதை காப்பி செய்து எடுத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். அந்த "விண்டோஸ்இமேஜ்பேக்கப்" ஃபோல்டரின் பெயரை மட்டும் மாற்றாதீர்கள். "பழைய பேக்கப்" என்று அழகாகப் பெயர் வைத்தால் ரீஸ்டோர் செய்யும்போது விண்டோஸ் கண்டே பிடிக்காது.

இனி, மெஷினை அப்படியே எழுப்பியாக வேண்டும் என்பவர்களுக்கு.

ரீஸ்டோருக்கு முன்பே பார்க்க வேண்டியது மூன்று. புது டிஸ்க் பழையதைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது. பழையது 1 டிபி ஹார்ட் டிஸ்க், புதியது 500 ஜிபி எஸ்எஸ்டி என்றால், உள்ளே 80 ஜிபிதான் இருந்தாலும் விண்டோஸின் சொந்த ரீஸ்டோர் ஒத்துக்கொள்ளாது. அடுத்தது பூட் முறை, அதாவது ஆன் செய்ததும் போர்டு விண்டோஸை எழுப்பும் விதம். பழையது லெகசி பயாஸ் (பழைய முறை), புதியது யூஈஎஃப்ஐ (இன்றைய முறை) என்றால் ஃபர்ம்வேர் வேறு என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடும். இமேஜ் எடுக்கும் முன்பே விண்டோஸ் 10-இல் உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்கின் அமைப்பை மாற்றி, பழைய போர்டையும் யூஈஎஃப்ஐ முறைக்குத் திருப்பி வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. மூன்றாவது, ரீஸ்டோர் ஓடும்போது சம்பந்தமில்லாத டிஸ்க் எதுவும் மெஷினில் செருகியிருக்கக் கூடாது. "எக்ஸ்குளூட் டிஸ்க்ஸ்" பட்டன் இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஒயரைக் கழற்றுவதே நிம்மதி.

இன்டெல் 11-ஆம் தலைமுறை முதலான மெஷின்கள் பலவற்றில் விஎம்டி என்ற டிஸ்க் நிர்வாக வசதி ஆன் ஆகியே வரும். மீட்புப் பென்டிரைவில் (விண்டோஸ் ஏறாதபோது மெஷினை எழுப்பும் பென்டிரைவ்) பூட் செய்தால் டிஸ்கே இல்லை என்று சொல்லும். பலர் எஸ்எஸ்டி டெட் என்று கடைக்குத் திருப்பி அனுப்புவது இதனால்தான். பயாஸில் விஎம்டியை ஆஃப் செய்யுங்கள். அந்த வசதி இல்லாத லேப்டாப் என்றால் இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை லோடு செய்ய வேண்டும். செட்டப் கோப்பை அப்படியே பென்டிரைவில் போட்டால் வேலைக்காகாது. பிரித்தெடுத்து, உள்ளே ஐஎன்எஃப் கோப்பு (டிரைவரின் விவரக் கோப்பு) இருக்கும் ஃபோல்டரைக் காட்ட வேண்டும்.

இதற்குப் பிறகும் நீலத்திரை என்றால், மீட்புப் பென்டிரைவின் கமாண்ட் பிராம்ட்டில் பிசிடிஎடிட் என்ற பூட் அமைப்புக் கருவி மூலம் சேஃப்பூட்டை "மினிமல்" என்று வையுங்கள்; அடுத்த முறை மெஷின் அடிப்படை டிரைவர்களோடு மட்டும், அதாவது சேஃப் மோடில் எழ முயலும். விண்டோஸ் 10, 11-இல் பொதுவான டிரைவர்கள் உள்ளேயே தூங்குகின்றன. ஒருமுறை சேஃப் மோடில் ஏறினால் பெரும்பாலும் அவை விழித்துக்கொள்ளும். ஏறியதும் எம்எஸ்கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியைத் திறந்து சேஃப்பூட் டிக்கை எடுங்கள். இதை மறந்துவிட்டு "எப்பவும் சேஃப் மோடிலேயே வருது" என்று புலம்பக் கூடாது. சேஃப் மோடும் வரவில்லையா? விண்டோஸின் டிஸ்ம் கருவியால் புது போர்டின் ஸ்டோரேஜ் டிரைவரை அந்த இறக்கி வைத்த விண்டோஸுக்குள் செருகலாம். கமாண்ட் பிராம்ட் பக்கமே போகப் பிடிக்காதவர்களுக்கு மேக்ரியம் ரீடிப்ளாய், அக்ரோனிஸ் யூனிவர்சல் ரீஸ்டோர் போன்றவை இதே வேலையைச் செய்கின்றன. இலவச நகலெடுப்புக் கருவி குளோன்ஸில்லா இதைச் செய்யாது. உள்ளதை உள்ளபடி காப்பி அடிப்பதோடு அதன் வேலை முடிந்தது.

விண்டோஸ் 7 இமேஜை இன்றைய மெஷினில் இறக்க மல்லுக்கட்டாதீர்கள். இன்றைய வேக வகையான என்விஎம்இ எஸ்எஸ்டியை அதற்குத் தானாகத் தெரியாது, யூஎஸ்பி 3 டிரைவரும் கிடையாது. அப்படியே ஏறினாலும் கீபோர்டும் மவுஸும் செத்துக் கிடக்கும். பழைய பில்லிங் சாஃப்ட்வேருக்கு அதுதான் வேண்டும் என்றால் புது மெஷினுக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷின் (மென்பொருளாலான கம்ப்யூட்டர்) அமைத்து அதில் ரீஸ்டோர் செய்யுங்கள். இல்லாவிட்டால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதே மாடல் போர்டு தேடுங்கள்.

இடியில் போனது போர்டு மட்டும்தான், பழைய டிஸ்க் நல்லாயிருக்கிறது என்றால் அதையே புது போர்டில் மாட்டிப் பார்க்கலாம். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். "நான் போடவே இல்லையே" என்பார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் அது தானாகவே விழுந்திருக்கும், எண்ணும் அந்தக் கணக்கிலேயே இருக்கும். மெஷின் நன்றாக இருக்கும்போதே உள்ளே போய்ப் பார்த்து, தாளில் எழுதி பீரோவில் வையுங்கள்.

எல்லாம் ஏறிய பிறகு விண்டோஸ் ஆக்டிவேஷன் போயிருக்கும். மெஷினோடு வந்த ஓஈஎம் லைசென்ஸ் பழைய போர்டோடு போனது போனதுதான். தனியாக வாங்கிய ரீடெயில் என்றால் மாற்றிக்கொள்ளலாம். டேலியும் எஜுகேஷன் மோடில் (லைசென்ஸ் இல்லாத பயிற்சி நிலை) திறக்கும், மாதத்தில் 1, 2, 31 தேதிகளுக்கு மட்டும்தான் என்ட்ரி போட விடும். அதைப் பார்த்துவிட்டு "டேட்டா போச்சு" என்று பதறாதீர்கள். லைசென்ஸை மறுபடி ஆக்டிவேட் செய்தால் சரியாகும், அதற்கு டேலி கணக்கின் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் வேண்டும். அந்த மின்னஞ்சல் வேலையை விட்டுப்போன பழைய கணக்கருடையதா, முதலாளியுடையதா என்று இன்றைக்கே பாருங்கள். அப்படியே விண்டோஸின் பிஎன்பியூட்டில் கருவியால் இருக்கிற டிரைவர்களை எல்லாம் ஒரு பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். புது மெஷின் வாங்கும் அன்றே அதன் லேன் (நெட் இணைப்பு) டிரைவரையும் அதில் போட்டு வையுங்கள். நெட் வராத மெஷினில் டிரைவரை எங்கே போய் டவுன்லோடு செய்வது?