உங்கள் ஊர்ப் பாறையை எந்த ஆண்டு அளப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கத்து மக்கள் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்துத் திரண்டது 2024 நவம்பருக்குப் பிறகுதான். அந்த நிலத்தைப் பற்றிய புவியியல் அறிக்கை மாநில அரசின் கைக்கு 2021 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. இடையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல். ஏலத்தில் விட்ட பரப்பு சுமார் 20 சதுர கிலோமீட்டர். பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 2022ல் அறிவித்த அரிட்டாபட்டிப் பகுதியும் அதற்குள்தான் கிடந்தது. மக்கள் விடாமல் போராடியதால் 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த மூன்று ஆண்டுகளில் ஊர்க்காரர்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் இத்தனை அலைச்சல் இருந்திருக்காது என்பது என் எண்ணம். அதனால்தான், நிலத்தடியை அளக்கும் வேலை எங்கே எப்படித் திட்டமிடப்படுகிறது என்று விரிவாகச் சொல்கிறேன்.

இந்தியாவின் பாறை வரைபடத்தைத் தயாரிப்பது 1851ல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம், சுருக்கமாக ஜி.எஸ்.ஐ. தலைமையகம் கொல்கத்தாவில் இருக்கிறது, மத்திய சுரங்க அமைச்சகத்தின் கீழ் வருகிறது. தென் மாநிலங்களுக்கான மண்டல அலுவலகம் ஹைதராபாத். தமிழ்நாடு, புதுச்சேரிக்கான பிரிவு சென்னையில் இயங்குகிறது.

வேலையின் அலகு ‘டோப்போஷீட்’ எனப்படும் தாள். 1:50,000 அளவில், தாளில் 2 சென்டிமீட்டர் என்றால் தரையில் 1 கிலோமீட்டர். நம் பக்கத்தில் ஒரு தாளுக்குள் அடங்கும் நிலம் பக்கத்துக்கு ஏறத்தாழ 27 கிலோமீட்டர். நாட்டில் வரைபடமாக்கக்கூடிய நிலத்தில், பனி மூடிய உயரங்கள் போன்றவை போக, அநேகமாக முழுவதும் இந்த அளவில் வரைந்து முடிந்துவிட்டது. 31 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல்!

முடிந்துவிட்டது என்றால் இன்னும் என்ன திட்டம் என்று கேட்கலாம். பக்கத்துப் பக்கத்துத் தாள்களை வேறு வேறு ஆட்கள், வேறு வேறு ஆண்டுகளில் நடந்து வரைந்தார்கள். ஒரு தாளில் சார்னகைட் என்று வண்ணம் தீட்டிய பாறை, விளிம்பைத் தாண்டி அடுத்த தாளுக்குள் போனதும் ‘நைஸ்’ என்ற வேறு பாறை ஆகிவிடும். பாறை மாறவில்லை, பார்த்தவர் மாறியிருக்கிறார். ஓரம் ஒட்டாத இந்தத் தாள்களை ஒரே குறியீட்டு முறைக்குக் கொண்டுவந்து, தையல் தெரியாமல் இணைப்பதே பெரிய வேலை. முக்கியமான இடங்களில் 1:25,000 அளவில் மறுபடி நுணுக்கமாக வரைகிறார்கள்.

இன்னொன்று புவிவேதி வரைபடம். தாளை 1 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒன்றாக, முடிந்தவரை ஓடைப் படுகையிலிருந்து மண் எடுக்கிறார்கள். காயவைத்து, மெல்லிய சல்லடையில் சலித்து, நான்கு கட்டத்து மண்ணை ஒன்றாகக் கலந்து ஒரு மாதிரி ஆக்குகிறார்கள். தாளுக்கு ஏறக்குறைய 190 பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் அறுபதுக்கும் மேற்பட்ட தனிமங்களை அளக்கிறார்கள். உங்கள் ஊர் ஓடையோரம் யாரோ ஜீப்பை நிறுத்திவிட்டு மண்ணைப் பையில் கட்டி எண் எழுதிக்கொண்டிருந்தால், இந்த வேலையாகவும் இருக்கலாம். கிணற்று மேட்டில் குவித்துப்போட்ட கல்லைப் புரட்டிப் பார்ப்பவரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். மண் மூடிய காட்டில் அடிப்பாறையைக் காட்டுவது கிணறு வெட்டி எடுத்த கல்தானே. 2017 முதல் விமானத்தில் பறந்தும் காந்தப்புலத்தையும் கதிர்வீச்சையும் அளந்து வருகிறார்கள்.

இத்தனையையும் எந்த ஆண்டு எங்கே செய்வது? இதை முடிவு செய்யும் இடம் சி.ஜி.பி.பி. எனப்படும் மத்தியப் புவியியல் திட்ட வாரியம். 1966ல் அமைத்தார்கள். தலைவர் சுரங்க அமைச்சகச் செயலாளர். மாநிலத் துறைகள், பொதுத்துறை ஆய்வு நிறுவனங்கள், தனியார் நிறுவனங்கள் எல்லாம் தங்கள் கோரிக்கையை இங்கே வைக்கலாம். ஒரே இடத்தில் இரண்டு பேர் துளை போடாமல் பார்ப்பதும் இதன் வேலை. வாரியம் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி வாக்கில் கூடும். அங்கே இறுதியான பட்டியல்தான் ஏப்ரலில் தொடங்கும் ஆண்டுக்கு ஜி.எஸ்.ஐ.யின் வேலை. இதற்கு முந்தைய படியாக மாநிலப் புவியியல் திட்ட வாரியம் இருக்கிறது. மாநிலத்தின் தேவை அங்கே பேசப்படுகிறது. என்னைக் கேட்டால், பொதுமக்கள் குரல் எட்ட வேண்டிய இடம் அதுதான்.

தாளில் ஊர் வந்ததும் சுரங்கம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். வரைபடத்துக்குப் பிறகு ஜி4, ஜி3, ஜி2, ஜி1 என்று தேடல் படிப்படியாக இறுகும். ஏராளமான இடங்கள் முதல் படியிலேயே கைவிடப்படும். ஆனால் சில கனிமங்களுக்கு ஜி4 முடிந்ததுமே ஏலத்துக்கு வழி இருக்கிறது. முக்கியக் கனிமங்கள் 24க்கு ஏலம் விடும் அதிகாரம் 2023 திருத்தத்துக்குப் பிறகு மத்திய அரசிடம் போய்விட்டது. தேடலுக்கான பணத்தில் ஒரு பகுதி 2015ல் அமைத்த அறக்கட்டளையிலிருந்து வருகிறது. சுரங்கக் குத்தகைதாரர்கள் ராயல்டித் தொகையில் 2 சதவீதத்தை ராயல்டிக்கு மேல் இதற்குக் கட்டி வந்தார்கள், 2025 திருத்தம் அதை 3 ஆக்கியது.

வரைபடம் என்றாலே சுரங்கம் என்றும் எண்ண வேண்டாம். 2014ல் தொடங்கிய நிலச்சரிவு வரைபடத் திட்டமும் இதே நிறுவனத்துடையது. நாட்டில் நிலச்சரிவு அபாயமுள்ள சுமார் 4.2 லட்சம் சதுர கிலோமீட்டரை அதில் வரைந்தார்கள். 2020 முதல் சோதனை முறையில் நிலச்சரிவு முன்னறிவிப்பு வெளியிடத் தேர்ந்த மூன்று மாவட்டங்களில் நம் நீலகிரியும் ஒன்று. மற்ற இரண்டும் டார்ஜிலிங், காலிம்போங். குன்னூர், கோத்தகிரிச் சாலையில் மழைக்காலத்தில் பயணம் செய்தவர்களுக்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றைப் பார்க்கக் காசு வேண்டாம். ஜி.எஸ்.ஐ.யின் ‘பூகோஷ்’ தளத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டால் உங்கள் தாளின் பாறை வரைபடத்தை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2023 டிசம்பரில் தொடங்கிய தேசியப் புவிஅறிவியல் தரவுக் களஞ்சியமும் உண்டு. ஒரே பக்கத்தில் மாவட்டம் முழுவதையும் பார்க்க மாவட்ட வள வரைபடம் நல்லது. கிராம சபையில் விரித்து வைத்துப் பேச அதுவே போதும்.

அடுத்த ஆண்டு வேலையைத் தெரிந்துகொள்ள, மாநிலப் புவியியல், சுரங்கத் துறைக்கும் ஜி.எஸ்.ஐ.யின் சென்னை அலுவலகத்துக்கும் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனு போடலாம். மாவட்டத்தின் பெயர், தாலுகா, தாள் எண், அங்கே எந்த வேலை, எந்த நிலையில் என்று தெளிவாகக் கேளுங்கள். உங்கள் பகுதியில் பல்லுயிர்த் தலமோ, தொல்லியல் சின்னமோ, பாசனக் கண்மாயோ இருந்தால் அதன் சர்வே எண்ணோடு எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வர 30 நாள் பிடிக்கும். ஆகவே நவம்பரிலேயே எழுதிவிடுங்கள்.